காக்கைக் கூட்டமும் கொத்துப்படும் கோழியும்: டான் ஓல்வேயஸ் எண்ணிப் பார்த்த கதை

(முன்னெச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயோடு வந்து உட்காருங்கள்.)

காமர்ஸ் படிக்கிறவனுக்கு உளவியலில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பதற்கு முன்னால் நானே பதில் சொல்லிவிடுகிறேன். இதுவும் ஒரு கணக்குதான். பேரேட்டில் ஏற்றாமல் விட்ட நஷ்டம் நஷ்டமே இல்லை என்று ஆகிவிடாது, யாரோ ஒருவர் தலையில் அது விடிந்துகொண்டேதான் இருக்கும். பள்ளிக்கூடங்களில் பல நூறு வருடங்களாக அப்படி ஒரு நஷ்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கெழுதியவர் ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வாழ்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் பேராசிரியர். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்கிறார்கள். ஒரு பையனையோ பெண்ணையோ குறிவைத்து, திரும்பத் திரும்ப அடிப்பது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைப்பது, யாரும் அவனோடு பேசக்கூடாது என்று ஒதுக்கி வைப்பது எல்லாம் இதில் அடக்கம். "பசங்கன்னா அப்படித்தான்", "நீ எதுக்கு அவன்கிட்ட போனே?", "திருப்பி அடிக்க வேண்டியதுதானே?" - பெரியவர்கள் இதற்குச் சொல்லும் இந்த மூன்று பதில்களும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஓல்வேயஸின் 50 வருட உழைப்பு இந்த மூன்று வாக்கியங்களுக்கும் பதில் என்று சொன்னால் மிகையில்லை.

பறவைகளிடம் கடன் வாங்கிய வார்த்தை

பள்ளிக்கூடக் கொடுமை புதிய விஷயம் அல்ல. 1857-ல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியை வைத்து தாமஸ் ஹியூஸ் எழுதிய நாவலில் சின்னப் பையன்களை வாட்டும் பெரிய பையன் ஒருவன் வருகிறான். படித்தவர்கள் அதைப் பள்ளி வாழ்க்கையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். 1897-ல் அமெரிக்காவில் பிரடெரிக் பர்க் என்பவர் கேலி, கொடுமை பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய 70 வருடங்கள் ஆராய்ச்சி உலகம் இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்ப வைத்தது ஸ்வீடன். அங்கே பேட்டர் பால் ஹைனமான் என்று ஒரு டாக்டர். அவர் தத்தெடுத்த மகன் கறுத்த நிறத்தவன். மற்ற குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து அந்தப் பையனைத் துரத்துவதையும் ஒதுக்குவதையும் தகப்பனாகப் பார்த்த ஹைனமான், 1969-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தலைப்பு 'அபார்ட்ஹைட்'. தென்னாப்பிரிக்காவின் இனவெறியை உலகமே திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதே வேலையை நம் வீட்டு வாசலில் நம் பிள்ளைகள் செய்கிறார்களே என்று கேட்டார்.

அதற்கு அவர் கொடுத்த பெயர் 'மொப்னிங்'. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸின் புத்தகத்திலிருந்து எடுத்தது. சிறிய பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரியை விரட்டியடிப்பதற்கு அங்கே வரும் சொல். பகலில் ஆந்தை ஒன்று மரத்தில் உட்கார்ந்திருந்தால் காக்கைகள் எல்லாம் கூடிக் கத்திக் கொத்தி விரட்டுமே, அதுதான்! வார்த்தை ஸ்வீடனில் தீயாகப் பரவியது. 1972-ல் ஹைனமான் அதே தலைப்பில் புத்தகமும் போட்டார். அதுவரை பெயரில்லாமல் இருந்த விஷயத்துக்குப் பெயர் கிடைத்ததும் பத்திரிகைகள், பெற்றோர், ஆசிரியர்கள் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. காக்கைகள் எதிரிக்குப் பயந்து கூடுகின்றன. விரட்டப்படும் ஆந்தை, ஒவ்வொரு காக்கையையும்விட ஆபத்தானது. ஆபத்து போனதும் கூட்டம் கலைந்துவிடும். பள்ளி மைதானத்தில் நடப்பது இதுவா?

ஓல்வேயஸ் வருகிறார்

டான் ஓல்வேயஸ் 1931-ல் ஸ்வீடனின் கல்மார் நகரில் பிறந்தவர். 1969-ல் உமியோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார், ஆக்ரோஷ நடத்தையை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பதுதான் ஆய்வு. 1970-ல் நார்வேயின் பெர்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

நாடே 'மொப்னிங்' பற்றி விவாதம் செய்துகொண்டிருந்தபோது இவர் செய்த காரியம் எளிமையானது. போய்ப் பார்த்தார். ஸ்டாக்ஹோம் பகுதிப் பள்ளிகளில் நூற்றுக்கணக்கான சிறுவர்களைப் பற்றி ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விவரம் திரட்டினார். யார் அடிக்கிறான், யார் அடி வாங்குகிறான், எவ்வளவு நாளாக என்று கேட்டார். அது 1973-ல் ஸ்வீடிஷ் மொழியிலும், விரிவாகி 1978-ல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது.

ஸ்வீடிஷ் புத்தகத் தலைப்பின் முதல் வார்த்தையைக் கவனியுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கொத்துப்படும் கோழிக்குஞ்சுகள்' என்று வரும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை 1920-களில் எழுதியவர் செல்டெரூப் எபே என்ற நார்வேக்காரர். மேலே இருக்கும் கோழி கீழே இருப்பதைக் கொத்தும். கடைசியில் இருப்பதை எல்லாமே கொத்தும். அது திருப்பிக் கொத்தாது.

ஹைனமான் காட்டியது காக்கைக் கூட்டம், ஓல்வேயஸ் காட்டியது கோழிக்கூடு. இரண்டும் பறவைதான், ஆனால் கதை தலைகீழ். முதல் கதையில் பலவீனமான பலர் பலசாலி ஒருவனை விரட்டுகிறார்கள். இரண்டாவதில் பலம் உள்ள ஒன்றிரண்டு பேர், பலம் குறைந்த ஒருவனை நாள்தோறும் கொத்துகிறார்கள். திடீரென்று வெறிபிடித்துக் கூடும் கூட்டம் என்று சொன்னால் கொத்துகிறவன் யார் என்பதே மறைந்துபோகும், பொறுப்பு யார் மேலும் விழாது என்பது ஓல்வேயஸின் வாதம்.

"நீ கண்ணாடி போட்டிருக்கே, அதான்!"

அவருடைய ஆரம்பகால முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஏன் குறிப்பிட்ட ஒரு பையன் மட்டும் மாட்டுகிறான் என்றால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். குண்டாக இருக்கிறான், கண்ணாடி போட்டிருக்கிறான், செம்பட்டை முடி, பேச்சு வேறு மாதிரி... கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஓல்வேயஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏதோ ஒரு 'வித்தியாசம்' கண்டுபிடித்துவிடலாம். அடி வாங்காத பையன்களிலும் கண்ணாடிக்காரன் இருக்கிறான், குண்டுப் பையன் இருக்கிறான். அடி வாங்குகிறவர்களிடம் இந்த வெளித்தோற்ற வித்தியாசங்கள் கூடுதலாக இல்லை. ஒரே விதிவிலக்கு உடல் பலம். மாட்டிக்கொண்ட பையன்கள் சராசரியைவிட பலம் குறைந்தவர்களாகவும், அமைதியான, பயந்த சுபாவம் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். கண்ணாடியும் தலைமுடியும் கேலிக்குப் பிடி கொடுத்தன, அவ்வளவுதான். கேலியின் காரணம் அவை அல்ல.

பெரிய வகுப்பு, பெரிய பள்ளிக்கூடம் என்றால் கொடுமை அதிகம் என்ற நம்பிக்கையும் அவருடைய எண்களில் நிற்கவில்லை. அடிக்கிற பையன் உள்ளுக்குள் பயந்தவன், தாழ்வு மனப்பான்மையை மறைக்கத்தான் முரட்டு வேஷம் போடுகிறான் என்ற பிரபலமான கருத்தும் நிற்கவில்லை. சினிமா வில்லனுக்கு ஃப்ளாஷ்பேக் வைத்துப் பழகிய நமக்கு இது கஷ்டம்தான் :-) அவர் பார்த்த அளவில் அந்தப் பையன்களின் பதற்றம் சராசரி அளவில் அல்லது அதற்கும் கீழேதான் இருந்தது.

அப்படியானால் ஆக்ரோஷம் எங்கிருந்து வருகிறது? 1980-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு காரணங்களைச் சொன்னார். ஒன்று, சிறு வயதில் வளர்ப்பவரிடம், குறிப்பாகத் தாயிடம், அன்பும் அக்கறையும் குறைவாக இருப்பது. இரண்டு, பிள்ளை மற்றவர்களை அடிக்கும்போது கண்டிக்காமல் விடுவது. மூன்று, பெற்றோரே அடித்து மிரட்டி வளர்ப்பது. நான்கு, பிள்ளையின் பிறவிச் சூடு. வீட்டின் வருமானமோ பெற்றோரின் படிப்போ இதில் தொடர்புடையதாகத் தெரியவில்லை. "அந்த ஏரியா பசங்க அப்படித்தான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த வாய்க்கும் ஒரு பூட்டு.

மூன்று சிறுவர்கள்

இதெல்லாம் ஆய்விதழ்களில் மட்டும் இருந்திருக்கலாம். 1982-ன் கடைசியில் நார்வேயில் ஒரு செய்தி வந்தது. வடக்கு நார்வேயில் 10 முதல் 14 வயதுக்குள் இருந்த மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் தொடர்ந்த கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

நாடு அதிர்ந்தது. "பசங்கன்னா அப்படித்தான்" என்று சொல்ல இனி யாருக்கும் வாய் வரவில்லை. 1983 இலையுதிர் காலத்தில் நார்வே கல்வி அமைச்சகம் நாடு முழுவதும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கு அடித்தளமாக ஓல்வேயஸ் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். பெயர் எழுத வேண்டாம். முதலில் புல்லியிங் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கும். பிறகு உனக்கு அது நடந்ததா, எத்தனை முறை, எங்கே, ஆசிரியரிடம் சொன்னாயா, அவர் என்ன செய்தார் என்று கேள்விகள்.

715 பள்ளிகளிலிருந்து 1,30,000 மாணவர்களின் பதில் வந்தது. 9 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டவர்கள். 7 சதவீதம் பேர் மற்றவர்களைக் கொடுமைப்படுத்துபவர்கள். இரண்டு பட்டியலிலும் இருந்தவர்கள் 1.6 சதவீதம். மொத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம், அதாவது ஏழில் ஒரு பிள்ளை. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் சுமார் 84,000 பேர். குட்டி நாடான நார்வேக்கு அது பெரிய எண்.

அதைவிடச் சுடும் எண் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில், தொடக்க வகுப்புகளில் சுமார் 40 சதவீதம் பேரும், மேல் வகுப்புகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பேரும் ஆசிரியர்கள் 'எப்போதாவதுதான்' தடுப்பார்கள் அல்லது 'அநேகமாகத் தடுப்பதே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். பள்ளிக்குப் போகிற வருகிற வழியில்தான் இதெல்லாம் நடக்கிறது, நம் பொறுப்பில்லை என்று பள்ளிகள் நினைத்தன. கணக்கோ, பள்ளி வளாகத்துக்குள் நடப்பது வழியில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்றது. இடைவேளையில் மைதானத்தில் எத்தனை ஆசிரியர்கள் நின்றார்கள் என்பதற்கும் கொடுமையின் அளவுக்கும் தொடர்பு இருந்தது. ஆசிரியர் தலைகள் கூடினால் கொடுமை குறைவு.

ஓல்வேயஸின் வரையறையில் மூன்று நிபந்தனைகள் உண்டு. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பேருக்கும் இடையில் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. சம பலம் உள்ள இரண்டு பேர் கட்டிப் புரண்டால் அது சண்டை, இந்தக் கணக்கில் வராது. அடி மட்டுமல்ல, சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவதும் வதந்தி பரப்புவதும் கணக்கில் வரும். "திருப்பி அடி" என்ற அறிவுரை ஏன் வேலை செய்யாது என்பது மூன்றாவது நிபந்தனையிலேயே இருக்கிறது. திருப்பி அடிக்க முடிந்தவன் முதலிலேயே மாட்டியிருக்க மாட்டான்.

பெர்கன் பரிசோதனை

இனி காமர்ஸ் ஆட்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

நாடு முழுக்க இயக்கம் நடந்தபோது, பெர்கனில் 42 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 2,500 மாணவர்களை ஓல்வேயஸ் இரண்டரை வருடம் தொடர்ந்தார். இயக்கம் தொடங்குவதற்கு முன் 1983 கோடையில் ஒரு கணக்கெடுப்பு. 1984-ல் ஒன்று. 1985-ல் ஒன்று.

இங்கே ஒரு சிக்கல். வயது ஏற ஏற அடி வாங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை தானாகவே குறையும். அதனால் ஐந்தாம் வகுப்பில் எண்ணி, அதே பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மறுபடி எண்ணி, "பாருங்கள், குறைந்துவிட்டது!" என்று சொன்னால் அது ஏமாற்று. கடைக்காரர் தீபாவளி மாத விற்பனையைப் புரட்டாசி விற்பனையோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுகிற மாதிரி. போன வருடத் தீபாவளியோடுதானே ஒப்பிட வேண்டும்? ஓல்வேயஸ் அதைத்தான் செய்தார். இந்த வருட ஆறாம் வகுப்பை, இயக்கத்துக்கு முந்தைய ஆறாம் வகுப்போடு ஒப்பிட்டார்.

முடிவு: புல்லியிங் பாதி அளவுக்கு, சில இடங்களில் அதற்கும் மேல், குறைந்திருந்தது. முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடத்தில் பலன் கூடுதல். திருட்டு, பொருள்களை உடைப்பது, வகுப்புக்கு மட்டம் போடுவது எல்லாமே குறைந்திருந்தன. பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது என்றவர்கள் கூடியிருந்தார்கள்.

என்ன மந்திரம்? ஒன்றுமே இல்லை! ஆசிரியர்களுக்கு 32 பக்கத்தில் ஒரு கையேடு. பெற்றோருக்கு 4 பக்கத் தாள். 25 நிமிட வீடியோ ஒன்று. இடைவேளையில் மைதானத்தில் பெரியவர்கள் இருக்க வேண்டும். வகுப்பில் சில எளிய விதிகள். நாங்கள் யாரையும் கொடுமைப்படுத்த மாட்டோம், பாதிக்கப்பட்டவருக்கு உதவுவோம், ஒதுங்கிப்போகிறவரைச் சேர்த்துக்கொள்வோம் என்ற மாதிரி. வகுப்புக் கூட்டம் தொடர்ந்து நடக்க வேண்டும். சம்பவம் நடந்தால் அடித்தவனோடும், அடிபட்டவனோடும், இரு வீட்டுப் பெற்றோரோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடிப்படையாக அவர் சொன்னது, பள்ளியில் பெரியவர்கள் அன்பாக இருக்க வேண்டும், கூடவே எல்லைக்கோடும் உறுதியாக இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் தண்டனை கட்டாயம், ஆனால் அடி உதை கிடையாது. வீட்டில் ஆக்ரோஷத்தை வளர்ப்பதாக அவர் கண்டவற்றைப் பள்ளியில் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார், கவனித்தீர்களா?

ஸ்டவாங்கர் சொன்ன வேறு கதை

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் பெர்கனுக்குத் தெற்கே ஸ்டவாங்கர் என்று ஒரு நகரம். அங்கே எர்லிங் ரோலண்ட் என்ற ஆய்வாளர், அந்த வட்டாரத்தின் 37 பள்ளிகளில் அதே தேசிய இயக்கம் என்ன செய்தது என்று 1986-ல், மூன்று வருடம் கழித்து, பார்த்தார்.

அதே கையேடு. அதே பெற்றோர் தாள். அதே வீடியோ. ஆனால் மொத்தத்தில் பார்த்தால் கொடுமை குறையவில்லை! சில அளவுகோல்களில், முக்கியமாகப் பையன்கள் விஷயத்தில், கொஞ்சம் கூடியே இருந்தது.

எங்கே வித்தியாசம்? ரோலண்ட் இன்னொன்றும் கவனித்தார். இயக்கத்தில் எந்தப் பள்ளிகள் மனதார ஈடுபட்டனவோ அங்கே நிலைமை பரவாயில்லை. பெர்கனில் ஆய்வாளர்கள் கூடவே இருந்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் சொந்தக் கணக்கை எடுத்து ஆசிரியர்கள் முன்னால் வைத்தார்கள். மறுபடி வந்து எண்ணுவார்கள் என்று பள்ளிகளுக்குத் தெரியும். ஸ்டவாங்கரில் பெட்டி வந்தது, ஆள் வரவில்லை.

என்னைப் பொறுத்தவரை, இந்த வரலாறு முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான். பெர்கனை மட்டும் படித்தால் "நல்ல திட்டம் ஒன்று இருக்கிறது, வாங்கி மாட்டிவிடலாம்" என்று தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், வேலை செய்தது அந்த 32 பக்கம் அல்ல என்பது புரியும். "எங்கள் பள்ளியில் இத்தனை பிள்ளைகள் அழுகிறார்கள்" என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் இடைவேளையில் டீ குடிக்கப் போகாமல் மைதானத்துக்குப் போன ஆசிரியர்தான் திட்டம்.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

ஓல்வேயஸ் தன்னுடைய சிறுவர்களை விட்டுவிடவில்லை. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பில் மற்றவர்களைக் கொடுமைப்படுத்துபவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட ஸ்வீடன் பையன்கள் வளர்ந்த பிறகு அரசு ஆவணங்களைப் பார்த்தார். 24 வயதுக்குள் அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஒரு குற்றத்திலாவது தண்டனை பெற்றிருந்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர்கள் 35-லிருந்து 40 சதவீதம். இரண்டு பக்கமும் சேராத சாதாரணப் பையன்களில் இது 10 சதவீதம்தான்.

அடி வாங்கியவர்கள்? 23 வயதில் அவர்களைப் பார்த்தபோது வெளியே பெரிய வித்தியாசம் இல்லை. யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ஆனால் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகவும், தன்னைப் பற்றிய மதிப்பு குறைவாகவும் இருந்தது. கொத்திய கோழி எப்போதோ போய்விட்டது, புண் மட்டும் இருக்கிறது.

ஆக, தடுக்காமல் விட்டால் இரண்டு பிள்ளைகளையும் இழக்கிறோம். "அடிக்கிறவனைத் தடுப்பது அவனுக்கும் நல்லது" என்பதை உபதேசமாக இல்லாமல் எண்ணாகச் சொன்னவர் இவர்.

அதனால்தான் 1981-லேயே பள்ளிக் கொடுமைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். கொடுமைக்கு ஆளாகாமல் பள்ளி போய்வருவது குழந்தையின் அடிப்படை உரிமை என்பது அவர் நிலைப்பாடு. 1990-களின் நடுவில் ஸ்வீடன், நார்வே நாடாளுமன்றங்கள் அதற்கான சட்ட விதிகளைக் கொண்டுவந்தன. 1993-ல் அவருடைய ஆங்கிலப் புத்தகம் வந்தது. இங்கிலாந்தில் பீட்டர் ஸ்மித் குழுவினர் ஷெஃபீல்டு பள்ளிகளில் இதே பாதையில் போனார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் சூசன் லிம்பரோடு சேர்ந்து திட்டம் தொடங்கியது.

கூட்டம் திரும்பி வந்தது

நல்ல ஆராய்ச்சி என்றால் அதை மறுப்பதற்கும் ஆள் வரும். 1996-ல் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் ஒரு கேள்வி கேட்டார்கள். கொத்துகிற கோழி, கொத்துப்படுகிற கோழி, சரி. மற்ற கோழிகள் என்ன செய்கின்றன?

வகுப்பில் அடிப்பவனுக்குக் கைகொடுப்பவன் இருக்கிறான். பக்கத்தில் நின்று சிரித்து உசுப்பேற்றுபவன் இருக்கிறான். பார்க்காதது போல் நகர்பவன் இருக்கிறான். பாதிக்கப்பட்டவனுக்காகப் பேசுபவனும் இருக்கிறான். சிரிப்பவர்கள் நிறுத்திவிட்டால் அடிப்பவனுக்குக் கிடைக்கும் மரியாதை போய்விடும். இந்த யோசனையில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவியது. டென்மார்க்கில் ஒரு குழு இன்னும் ஒரு படி போய், கெட்ட பையன் - பாவப்பட்ட பையன் என்று பார்ப்பதே தவறு, 'நான் இந்தக் கூட்டத்தில் இருக்கிறேனா?' என்ற பயம்தான் வேர் என்றது. ஹைனமானின் கூட்டம் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது!

ஓல்வேயஸ் முழுவதும் தோற்றுவிட்டாரா? அப்படி நான் நினைக்கவில்லை. அவரும் வகுப்புக் கூட்டம், வேடிக்கை பார்ப்பவர்களின் பொறுப்பு என்றெல்லாம் பேசியவர்தான். ஆனால் பெர்கனின் 'பாதிக்குப் பாதி' மற்ற நாடுகளில் கிடைக்கவில்லை என்பது உண்மை. உலகத் திட்டங்கள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த டோஃபி, ஃபாரிங்டன் ஆய்வு (2011), சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றது. குறைவுதான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றும் ஒரு பிள்ளைதானே?

இணையம் வந்து, எல்லோரும் சைபர் புல்லியிங் என்று அலறியபோதும் அவர் எண்களோடுதான் வந்தார். 2012-ல் எழுதிய கட்டுரையில், இது அளவுக்கு மீறிப் பெரிதாக்கப்படுகிறது, இணையத்தில் கொடுமைக்கு ஆளாகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே நேரிலும் ஆளானவர்கள்தான் என்றார். ஸ்மார்ட்போன் எல்லாக் கைகளிலும் வந்துவிட்ட இன்று அதே எண் வருமா என்று வாதாடலாம். வாதாட வேண்டுமானால் எண்ணிப் பார்த்துவிட்டு வர வேண்டும், அதுதான் அவர் விட்டுப்போன பழக்கம்.

2020 செப்டம்பரில், 89 வயதில், ஓல்வேயஸ் காலமானார். அதே வருடம் நவம்பரில் பள்ளி வன்முறைக்கும் புல்லியிங்கிற்கும் எதிரான சர்வதேச நாளை யுனெஸ்கோ முதல்முறையாகக் கடைப்பிடித்தது. மாதத்தில் ஒருமுறையாவது கொடுமைக்கு ஆளான மாணவர்கள் உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று 2019-ல் யுனெஸ்கோ அறிக்கை சொல்லியிருந்தது.

கடைசியாக, நமக்கு என்ன பெயர்?

இந்தப் பதிவு முழுக்க 'புல்லியிங்' என்றே எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? மலேசிய, சிங்கப்பூர் தமிழர்கள் 'பகடிவதை' என்கிறார்கள். இலங்கையில் அதே சொல்லைப் பல்கலைக்கழக ராகிங்கிற்குச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் கேலி, கிண்டல், சீண்டல், வம்பு, கலாய்ப்பது என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறோம். எல்லாமே விளையாட்டுப் பக்கம் சாய்ந்த வார்த்தைகள். திரும்பத் திரும்ப, பலமில்லாதவன் மேல், வேண்டுமென்றே என்ற மூன்றும் சேர்ந்த ஒரு சொல் நம் பேச்சில் இன்னும் ஊன்றவில்லை. பெயர் இல்லாததை எப்படிக் கேள்வித்தாளில் கேட்பது? கேட்காததை எப்படி எண்ணுவது?

ஸ்வீடனில் ஒரு தகப்பன் பெயர் வைத்தார். ஒரு பேராசிரியர் அந்தப் பெயரோடு சண்டை போட்டு, எண்ணி, கணக்கை மேசை மேல் வைத்தார். பெர்கனில் சில ஆசிரியர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுந்து மைதானத்துக்குப் போனார்கள். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் கதை ஸ்டவாங்கர்தான்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன வார்த்தை சொல்வீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள், சேகரித்து வைக்கிறேன்.

டிஸ்கி: "இதுக்கும் பி.காம். சிலபஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: தீபாவளியைத் தீபாவளியோடு ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு உதவும் :-)